கால்படாத இடம்

கார் ஏசியை அணைத்துவிட்டு விசிறியை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட வேண்டும் என்று அந்த வீடியோக்காரன் சொன்னான், அப்போதுதான் உள்ளே இருக்கிற ஈரம் காயுமாம், ஈரம்தான் எல்லா நாற்றத்துக்கும் காரணமாம், சரி, ஓடவிட்டிருக்கிறேன், ஓடுகிறது, காற்று மூஞ்சியில் வந்து மோதுகிறது, முதலில் சில்லென்று இருந்தது, இப்போது வெதுவெதுப்பாகிவிட்டது, எனக்குத் தெரிவது அவ்வளவுதான். நாற்றம் போயிற்றா இல்லையா என்று யாரைக் கேட்பது. என் மூக்கு கண்ணாடி நிற்பதற்காக மட்டும் முகத்தில் இருக்கிறது. கலைச்செல்வி இன்னும் கொஞ்ச நேரத்தில் இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி வர வேண்டும், வெள்ளிக்கிழமை, சமயபுரம், வந்தால் இந்தப் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் மூச்சு விடத்தானே வேண்டும். காலையில் போன் பண்ணி, இன்னிக்கு வர்றியா கலை என்று கேட்டேன். "பாக்குறேன்க்கா" என்றாள். காலமெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான், ஊரிலிருக்கிற பாக்குறேன் எல்லாம் எனக்கு அத்துப்படி. வருகிற பாக்குறேன் சட்டென்று வந்து விழும். வராத பாக்குறேனுக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு இருக்கும். கலைச்செல்வி மூச்சு விட்டாளா, விட்டுவிட்டுச் சொன்னாளா, அல்லது குக்கருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாளா, காலையிலிருந்து அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. அவள் வராவிட்டால் நான் தனியாகப் போய்விட்டு வரலாம், அம்மன் ஒன்றும் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லவில்லை. ஆனால் போக வர அந்தப் பேச்சுக்காகத்தான் நான் போகிறேன் என்பது அம்மனுக்கும் தெரியும். வாரத்தில் ஒரு நாள், கொள்ளிடம் பாலம் தாண்டிப் போய்த் திரும்புகிற வரைக்கும், என் பக்கத்தில் ஒரு ஆள். மற்ற நாளெல்லாம் நான் பேசுவது கேஸ் கம்பெனிக்காரனிடமும் டிவியிடமும்தான்.

இந்த வண்டியில் நாற்றம் இருக்கிறது என்று எனக்குச் சொன்னது அப்பாதுரை, கீழ்வீட்டுக்காரர். தண்ணீர் லாரி உள்ளே வர வழி வேண்டும் என்று என்னிடம் சாவி வாங்கிக்கொண்டு போய் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு வந்தார். சாவியைக் கொடுக்கும்போது, "மேடம், ஏசிக்குள்ள எலி கிலி செத்துக் கிடக்குதான்னு பாருங்க" என்றார். "ஆமாமா, நானும் நெனச்சேன், சரி பண்ணணும்" என்றேன், ஒரு நொடி கூட யோசிக்காமல், என்னவோ தினமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறவள் மாதிரி. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் பழசெல்லாம் ஒவ்வொன்றாக இடம் மாறி உட்கார ஆரம்பித்தது. முன்பு எங்களோடு கோயிலுக்கு வந்துகொண்டிருந்த பிரபாவதி பின் சீட்டில் ஏறியதும் முந்தானையை எடுத்து வாயைத் துடைத்துக்கொள்வாள், துடைத்துக்கொண்டே இருப்பாள், ஸ்ரீரங்கம் தாண்டுகிற வரைக்கும் ஒருத்திக்கு வாயில் என்ன துடைக்க இருக்கிறது என்று நான் அப்போது யோசிக்கவே இல்லை. கலைச்செல்வி உட்கார்ந்ததும் கண்ணாடியை இறக்குவாள், "காத்தாட வரட்டும்க்கா, ஏசி எனக்கு ஒத்துக்கல." போன வருஷம் வரைக்கும் ஒத்துக்கொண்ட ஏசிதான். அப்புறம் பிரபாவதியின் மருமகன் கார் வாங்கினார், அவள் அதில் போக ஆரம்பித்தாள், மருமகன் வண்டி வாங்கினால் மாமியார் ஏறத்தானே செய்வாள் என்று விட்டுவிட்டேன். அப்புறம் கலைச்செல்விக்கு மூட்டு வலி வந்தது, வர முடியவில்லை என்றாள். மூட்டு வலி வந்தவளை ஆடி வெள்ளியன்று நான் பால்கனியில் துணி காயப்போடும்போது பார்த்தேன், பூக்கூடையைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் ஆட்டோவில் ஏறினாள், ஒரு காலைத் தூக்கி வைத்து ஜம்மென்று ஏறினாள். கையில் இருந்த ஈரப் புடவையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன், தண்ணீர் சொட்டிக் கீழ்வீட்டுக் கொடியில் விழுந்திருக்கிறது, அதற்கும் அப்பாதுரை பெண்டாட்டி வந்து சண்டை போட்டாள். அவள் வாசலில் நின்று சண்டை போட்டதில் எனக்கு உண்மையிலேயே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவளாவது முகத்துக்கு நேரே சொன்னாள்.

மூக்கு போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கொரோனா வந்தபோது எல்லோருக்கும் போயிற்று, எல்லோருக்கும் திரும்பி வந்தது, காபி வாசனை வந்துவிட்டது, ரசம் வாசனை வந்துவிட்டது என்று ஆளாளுக்குப் போனில் சொல்லி மகிழ்ந்தார்கள், எனக்கும் வந்துவிட்டது என்று நானும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நாளை வந்துவிடும் என்று நினைத்துத்தான் சொன்னேன். வரவில்லை. அதற்குப் பிறகு வந்துவிட்ட மாதிரியே நடந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆஹா என்ன வாசனை என்று சொல்லிவிடுவேன், எந்த வீட்டிலும் ஏதாவது ஒன்று கொதித்துக்கொண்டுதான் இருக்கும், இதுவரை மாட்டிக்கொண்டதில்லை. பாலைக் கண்ணால் பார்த்துக் குடிக்கிறேன். சாம்பாரை அன்றன்றைக்கே கொட்டிவிடுகிறேன், நல்லதோ கெட்டதோ. கேஸ்தான் பயம். ராத்திரி ரெகுலேட்டரை மூடிவிட்டு வந்து படுத்து, எழுந்து போய்ப் பார்த்து, வந்து படுத்து, மறுபடி எழுந்து போய் கையால் தொட்டுப் பார்க்கிறேன். இது மட்டும் பெங்களூரில் இருக்கிற தியாகுவுக்குத் தெரிந்தால் போதும். அண்ணன் மகன், தங்கமான பையன், அதுதான் ஆபத்து. ஏற்கெனவே அத்தை தனியா எதுக்கு, அந்த ஃப்ளாட்ட வித்துட்டு இங்க ஒரு நல்ல ஹோம் இருக்கு, தோட்டம் இருக்கு, டாக்டர் இருக்காங்க என்று ஒவ்வொரு போனிலும் ஆரம்பிக்கிறான். கேஸ் கசிந்தால் தெரியாத கிழவி என்று தெரிந்தால் லாரியோடு வந்துவிடுவான். அங்கே எல்லோரும் கன்னடம் பேசுவார்கள், எல்லோரும் என்னை மாதிரியே இருப்பார்கள், வண்டி இருக்காது, வெள்ளிக்கிழமை இருக்காது. அதனால் எனக்கு வாசனை தெரியும். சந்தனம் தெரியும், சாம்பிராணி தெரியும், எலி செத்தால்கூடத் தெரியும்.

அந்த வீடியோக்காரனைப் பாராட்டத்தான் வேண்டும், பெண் பார்க்க வந்தவன் மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டே பேசினாலும் விஷயத்தைச் சொன்னான். முன் சீட்டுக்கு எதிரே இருக்கிற டப்பாவைக் கழற்றினால் பின்னால் ஒரு ஃபில்டர் இருக்கும், அதை உருவுங்கள் என்றான். காலையில் உருவினேன். வரமாட்டேன் என்றது, இழுத்தேன், கையோடு வந்தது, அதோடு ஒரு கறுப்புக் கூழும் என் மடியில் வந்து விழுந்தது. எலி என்றுதான் நினைத்தேன். கத்தினேன் கூட. அப்புறம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், நார். வாழைநார். நாரில் சுற்றி அழுகிப்போன காம்புகள். ஒரு அரளி மட்டும் இன்னும் பாதி சிவப்பாக இருந்தது. எனக்கு அப்படியே தூக்கிவாரிப் போட்டது. கால்படாத இடம். வண்டி வாங்கிய நாளிலிருந்து அம்மனுக்குச் சார்த்திக் கொடுக்கிற பூ, வீட்டில் படத்துக்குப் போட்டு வாடின பூ, குப்பையில் போடக் கூடாது, யார் காலும் பட்டுவிடக் கூடாது, இந்தக் கான்கிரீட் கட்டடத்தில் கால்படாத இடம் எங்கே இருக்கிறது, ஒரு செடி கிடையாது, கிணறு கிடையாது, ஆற்றில் போட்டால் பாலத்தில் நிற்கிற போலீஸ்காரர் விசிலடிக்கிறார். வண்டியின் முன் கண்ணாடிக்கு அடியில், வைப்பருக்குப் பக்கத்தில், சல்லடை மாதிரி கறுப்பாக ஒரு இடம் இருக்கிறதே, அங்கே செருகினேன். யார் கால் அங்கே படப்போகிறது. அம்மனும் கூடவே வருகிற மாதிரி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு கலைச்செல்வியும் தன் வீட்டுப் பூவைக் கொண்டுவந்து கொடுத்தாள், "இதையும் கால்படாத எடத்துல போட்டுருங்கக்கா." பிரபாவதியும் கொடுத்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூன்று வீட்டுப் பூவையும் வாங்கி நான்தான் செருகுவேன், பெரிய குருக்கள் மாதிரி. வாரா வாரம் அது எங்கே காணாமல் போகிறது என்று நான் கேட்கவில்லை, காற்றில் பறந்திருக்கும் என்று நினைத்தேன். மழை பெய்து, ஊறி, ஒவ்வொன்றாக உள்ளே இறங்கியிருக்கிறது. அந்த வழியாகத்தான் வண்டிக்குள் காற்று வருகிறது என்று எனக்கு எப்படித் தெரியும். காலையில் அந்தக் கூழைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கவலை, இதை இப்போது எங்கே போடுவது, அழுகினாலும் அம்மன் பூதானே. கேரி பேக்கில் கட்டி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கேயும் யார் காலும் படாது.

புது ஃபில்டர் போட்டேன். ஸ்பிரே டப்பாவை சீட்டுக்கு நடுவில் வைத்து அமுக்கிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, வெளியே நின்று பார்த்தேன், உள்ளே வெள்ளையாகப் புகை சுற்றியது. எலுமிச்சை மணம் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. போட்டிருப்பதை நம்ப வேண்டியதுதான். அதனால் நாற்றத்துக்குக் காரணம் கிடைத்தாயிற்று, மருந்தும் அடித்தாயிற்று, நான் நிம்மதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அது பூ மட்டும் இல்லாவிட்டால், நானும் என்றால். அப்பாதுரை லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது நான் போனால், நீங்க போங்க மேடம், நான் படியில ஏறிக்கிறேன் என்கிறார், டாக்டர் நடக்கச் சொன்னாராம். பேங்கில் அந்தப் பெண் என் பாஸ்புக்கை வாங்கும்போது நாற்காலியைப் பின்னால் தள்ளினாள், எதையோ எடுக்கத் தள்ளினாள், எதை எடுத்தாள், எதையும் எடுக்கவில்லை. இரண்டு வேளை குளிக்கிறேன். துவைத்த புடவையைத்தான் கட்டுகிறேன். ஆனால் துவைத்த புடவை சரியாகக் காய்ந்ததா, மக்கின வாடை அடிக்கிறதா, அக்குளில் என்ன, வாயில் என்ன, கட்டிய பல் வேறு இருக்கிறது. அம்மாவுக்குக் கடைசியில் ஒரு வாடை இருந்தது, எண்ணெயும் வியர்வையும் மாத்திரையும் கலந்த மாதிரி, அவளுக்கு அது தெரியாது, நான் ஜன்னலைத் திறந்து வைப்பேன், காத்தாட வரட்டும்மா என்றுதான் நானும் சொன்னேன். அதே வார்த்தை. இப்போது எனக்கும் அந்த வயது கிட்டத்தில் வந்துவிட்டது. என் முழங்கையை மூக்கில் வைத்து இழுத்துப் பார்க்கிறேன், காற்று வருகிறது, சும்மா காற்று. இது ஒரு நோயென்றால் டாக்டரிடம் போகலாம், இது நோயா இல்லையா என்பதையே இன்னொருத்தர் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை யார் சொல்வார்கள். ஒரு ஆளைப் பார்த்து நீ நாறுகிறாய் என்று சொல்ல ஒரு உரிமை வேண்டும். கட்டியவன் சொல்லலாம், நான் கட்டிக்கொள்ளவில்லை. பெற்ற பிள்ளை சொல்லலாம், இல்லை. கூடப் பிறந்தவன் சொல்லலாம், அண்ணன் போய்விட்டான், இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பான், போடி போய்க் குளிடி என்று. கல்யாணம் வேண்டாம் என்று சொன்ன நாளில் இதைப் பற்றி ஒருத்தரும் எனக்கு எச்சரிக்கை கொடுக்கவில்லை. வயதான காலத்தில் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க ஆள் வேண்டாமா என்றுதான் கேட்டார்கள், தண்ணீர் நானே பிடித்துக் குடித்துக்கொள்கிறேன். இதற்குத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

வாட்ச்மேன் கதிரேசனைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று பார்த்தேன், அதோ கேட்டுக்குப் பக்கத்தில் பீடி குடித்துக்கொண்டிருக்கிறார், அந்த மூக்குக்கு என்ன தெரியும். அவர் எல்லாவற்றுக்கும் நல்லாருக்கும்மா என்பார், தீபாவளி வருகிறது. சும்மா உட்கார்ந்து பார் என்று யாரையாவது உட்காரவைத்து முகத்தைப் பார்க்கலாம். ஆனால் நம் ஊரில் முகம் எங்கே உண்மையைச் சொல்கிறது. நாறுகிறது என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை, மூட்டு வலிக்கிறது என்கிறார்கள். கேட்டால் ஏன் கேட்கிறீர்கள், உங்களுக்கே தெரியவில்லையா என்பார்கள், அங்கே மாட்டிக்கொள்வேன், மாட்டிக்கொண்டால் தியாகு, தியாகு என்றால் லாரி. கேட்காவிட்டால் கலைச்செல்வி ஏறுவாள் அல்லது ஏறமாட்டாள், ஏறினாலும் கண்ணாடியை இறக்குவாள், இறக்கினால் அது பூவா, நானா, வெறும் புழுக்கமா, அதை அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன். வேர்க்கிறது. வேர்க்கக் கூடாது. இப்போது போய் வேர்க்கிறது. விசிறியைக் குறைக்கலாமா, காய்ந்ததா, காயவில்லையா. லிஃப்ட் இன்றைக்கு ஓடவில்லை, படியில் சத்தம். செருப்புச் சத்தம், ஒரு படிக்கு ஒரு சத்தம், நின்று நின்று. கலைச்செல்விதான். வருகிறாள். நிஜமாகவே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறாள், பூக்கூடை இன்னொரு கையில். மூச்சு விடாத பாக்குறேனாகத்தான் இருந்திருக்கிறது.

அவள் கதவைத் திறந்தாள். "என்னக்கா, எல்லாத்தையும் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்து அவிஞ்சுக்கிட்டு இருக்கீங்க?" ஏறி உட்கார்ந்து, கூடையைக் காலடியில் வைத்து, கதவை இழுத்துச் சாத்தினாள். முகம் சாதாரணமாக இருந்தது, ரொம்பச் சாதாரணமாக இருந்தது, கை மட்டும் தானாகக் கண்ணாடிப் பொத்தானுக்குப் போயிற்று.

"இறக்காத கலை" என்றேன்.

"ஏன்க்கா?"

"நாத்தம் வருதா?"

"எங்கக்கா? அதெல்லாம் ஒண்ணும்..."

"எனக்கு வாசனை தெரியாது." சொல்லிவிட்டேன். இவ்வளவு காலம் பூட்டி வைத்திருந்தது, காய்கறிக்காரனிடம் விலை கேட்கிற மாதிரி வந்துவிட்டது.

"சளியாக்கா?"

"கொரோனாவுல போனது. திரும்பி வரவே இல்ல. நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது."

அவள் என்னைப் பார்த்தாள். விசிறி இரைந்துகொண்டிருந்தது. "அப்ப நான் கட்டிக் குடுக்குற மல்லி? கமகமன்னு இருக்கு, உன் கை பட்டாலே தனின்னு சொல்வீங்களே?"

"கண்ணுக்கு அழகா இருந்துச்சு. சொன்னேன்."

"எங்க வீட்டுக் கறிக்கொழம்பு வாசன கீழ வரைக்கும் ஆளத் தூக்குதுன்னீங்க?"

"குக்கர் சத்தம் கேட்டுச்சு கலை."

அவளுக்குக் கோபம் வந்தது, நன்றாகத் தெரிந்தது, மூக்கு விடைத்தது. "நான் மாமியார்கிட்ட எல்லாம் பீத்திக்கிட்டேன்க்கா. எல்லாம் பொய்யா?"

"நீ மட்டும் என்ன, மூட்டு வலியா உனக்கு?"

அவள் குனிந்து கூடையைச் சரி செய்தாள். சரி செய்ய அதில் ஒன்றும் இல்லை. "வலி நெசந்தான்க்கா" என்றாள். "ஆட்டோல ஏறி எறங்குனா இன்னும்தான் வலிக்குது."

அப்புறம் நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை, குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "கலை, வண்டியா, நானா?"

"என்னது?"

"நாறுறது. வண்டியா நானா. உண்மையச் சொல்லு."

அவள் கூடையைத் தள்ளி வைத்தாள். என் பக்கம் சாய்ந்தாள். தோளைப் பிடித்துக்கொண்டு, கழுத்துக்கும் காதுக்கும் நடுவில் மூக்கை வைத்து, நிதானமாக இழுத்து மோந்தாள். அவள் மூச்சு சூடாக என் கழுத்தில் பட்டது. யாராவது என்னிடம் இவ்வளவு கிட்டத்தில் வந்து எத்தனை காலமாயிற்று, அழுதுவிடுவேனோ என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு தடவையும் மோந்தாள்.

"சோப்பு வாசனதான் வருது" என்றாள். "பவுடர் ஜாஸ்தி. கொறைங்க."

பிறகு முன்னால் குனிந்து, காற்று வருகிற துவாரத்தில் மூக்கைக் கொண்டுபோய் வைத்தாள். வைத்த வேகத்தில் பின்னால் வந்து முகத்தைச் சுளித்தாள், முந்தானையை எடுத்து நேரே மூக்கிலேயே வைத்து அழுத்தினாள், வாயைத் துடைக்கிற பாவனை எல்லாம் இல்லை. "அய்யோ, நாறுதுக்கா. எலுமிச்சம்பழத்துக்குள்ள எதுவோ செத்த மாதிரி நாறுது."

"நாறுதா?"

"சொல்றேன்ல. கொடலப் பொரட்டுது."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தேன். கதிரேசன் பீடியைப் போட்டுவிட்டு கேட்டைத் திறந்தார். கலைச்செல்வி முந்தானையை மூக்கிலிருந்து எடுக்காமலே, "பாலத்து மேல மெதுவாப் போங்கக்கா, காத்து நல்லா அடிக்கும்" என்றாள்.